மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீர்

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பத்து மீட்டர் கீழே இறங்கி வரும் தண்ணீருக்குக் குழாயில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். வீட்டு உபயோகத்துக்கென்று கடைகளில் விற்கும் சாதாரண பிரஷர் வாஷர் தருவதோ 100 பார். தொட்டியை உயரத்தில் வைத்தே இந்த அழுத்தத்தைப் பெற வேண்டுமானால், அதைத் தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும். உலகிலேயே உயரமான கட்டடமான துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர்தான். அதன் உச்சிகூடப் போதாது. அந்த ஒரு கிலோமீட்டர் உயரத்தை, கைப்பெட்டி அளவுள்ள இயந்திரம் ஒன்று வீட்டு மின்சாரத்தில் ஒரு நொடியில் உருவாக்கிவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் மாடித் தரையைப் பாருங்கள். கறுத்துப்போய், கால் வைத்தால் வழுக்கும் பாசி. தென்னந் துடைப்பத்தால் அரை நாள் தேய்த்தாலும் போகாத அந்தக் கறுப்பு, பிரஷர் வாஷரின் முனையைக் காட்டியதும் பட்டை பட்டையாக உரிந்து, அடியில் தளத்தின் பழைய நிறம் தெரிகிறது. இத்தனைக்கும் அந்த இயந்திரம் செலவழிப்பது நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீர் மட்டும். தோட்டத்து ஹோஸ் அதைவிடக் கூடுதலாகக் கொட்டும். அப்படியானால் வலிமை தண்ணீரின் அளவில் இல்லை. எங்கிருந்து வருகிறது?

வேகத்திலிருந்து. துளை வழியே பீச்சும் நீரின் வேகம், அதற்கு மேலே நிற்கும் நீரின் உயரத்திலிருந்து விழும் பொருள் பெறும் வேகத்துக்குச் சமம் என்று 1644-இல் வெளியான தன் நூலில் காட்டினார் இத்தாலிய அறிஞர் டோரிசெல்லி. காற்றின் தடையே இல்லாமல் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும்போது நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் இருக்கும். 100 பார் அழுத்தத்தில் முனையை விட்டு வெளியேறும் தண்ணீரும் அதே வேகத்தில்தான் பாய்கிறது. மணிக்கு 500 கிலோமீட்டர்!

இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. முனையில் இருக்கும் நாசிலைத் தாண்டிய மறுகணமே தண்ணீரில் அழுத்தம் என்று எதுவும் மிச்சமில்லை. சுற்றியுள்ள காற்றுக்கு இருக்கும் அழுத்தம்தான் அதற்கும். உள்ளே இருந்த 100 பாரும் வேகம் என்ற வடிவத்துக்கு உருமாறிவிட்டது. அந்தத் தண்ணீர் தரையில் மோதி நிற்கும்போது வேகம் மறைந்து அழுத்தம் மீண்டும் பிறக்கிறது, அதுவும் பாசி ஒட்டியிருக்கும் அதே இடத்தில். நடுவில் இருக்கும் காற்றுவெளியை அழுத்தம் வேகத்தின் வடிவத்தில் கடக்கிறது. அந்தப் பயணத்தில் பீச்சு சிதறிக்கொண்டே போகும். ஆகவேதான் முனையை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் பாசி போகிறது, ஒரு ஆள் தூரம் தள்ளிப் பிடித்தால் தரை நனைவதோடு சரி.

இந்த உருமாற்றம் நடக்கும் நாசிலின் துளை எவ்வளவு பெரியது தெரியுமா? நிமிடத்துக்கு 6 லிட்டர், 100 பார் என்று கணக்குப் போட்டால் விட்டம் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் வருகிறது. தையல் ஊசி நுழையும் துளை. தண்ணீரில் வரும் நுண்மணல் இதை அரித்து 1.1 மில்லிமீட்டர் ஆக்கிவிட்டது என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாத மாற்றம். ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். பம்ப் அதே அளவு தண்ணீரைத்தான் தள்ளுகிறது என்பதால் அழுத்தம் 100 பாரிலிருந்து 68-க்கு இறங்கிவிடும். ‘மெஷின் வீக் ஆகிவிட்டது’ என்று புதிதாக வாங்கப் புறப்படுகிறவர்கள், முதலில் நாசிலை மாற்றிப் பார்ப்பது நல்லது.

சரி, அந்த 100 பாரை உண்டாக்குவது எது? பெட்டிக்குள் மோட்டாரோடு ஒட்டியிருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும் பம்ப். மோட்டாரின் தண்டில் சற்றே சாய்வாக ஒரு வட்டத் தட்டு பொருத்தப்பட்டிருக்கும். இதைச் சாய்தட்டு என்போம். அதன் முகத்தில் சுருள்வில்லால் அழுத்தப்பட்டு மூன்று பிஸ்டன்கள் நிற்கும். தட்டு சுழலும்போது அதன் மேடான பகுதி ஒவ்வொரு பிஸ்டனையும் முறை வைத்து முன்னே தள்ளுகிறது. மேடு கடந்ததும் சுருள்வில் பின்னே இழுக்கிறது. பின்னே போகும்போது தண்ணீரை உறிஞ்சி, முன்னே வரும்போது அழுத்தித் தள்ளுவதுதான் பிஸ்டனின் முழு வேலை.

மோட்டார் நிமிடத்துக்கு 2,850 முறை சுற்றுகிறது, பிஸ்டன்கள் மூன்று. ஒரு நிமிடத்தில் 8,550 தள்ளல்கள். 6 லிட்டரை அதனால் வகுத்தால், ஒரு தள்ளலுக்கு 0.7 மில்லிலிட்டர். மாடியைக் கழுவித் தள்ளும் அந்த முழு வலிமையும் பத்துப் பதினைந்து சொட்டு, பத்துப் பதினைந்து சொட்டாகத்தான் பிறக்கிறது. பிஸ்டனின் விட்டம் 12 மில்லிமீட்டர் என்றால் அது முன்னும் பின்னும் நகரும் தூரம் 6 மில்லிமீட்டர்தான். ஆனால் 100 பாரை எதிர்த்துத் தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுண்டுவிரல் பருமன் கம்பியின் முகத்தில் 115 கிலோ பாரம் ஏறுகிறது, இரண்டு சிமென்ட் மூட்டைக்கும் மேல். நொடிக்கு 47 தடவை ஏறி, 47 தடவை இறங்குகிறது.

மூன்று பிஸ்டன்கள் எதற்கு? நான்கு வைத்தால் பீச்சு இன்னும் சீராக இருக்குமே என்று தோன்றும். கணக்கு நேர் எதிராகச் சொல்கிறது. நான்கு பிஸ்டனில் ஒன்று தள்ளி முடிக்கும் அதே கணத்தில்தான் எதிரே இருப்பது தள்ளத் தொடங்கும். அந்தக் கணங்களில் நீரோட்டம் தொய்ந்துபோகும். மூன்றில் தொடக்கமும் முடிவும் ஒரே கணத்தில் சந்திப்பதே இல்லை. ஆகவே ஒரு சுற்றுக்கு நான்கு பெரிய அலைகளுக்குப் பதில் ஆறு சிறிய அலைகள். நீரோட்டத்தின் ஏற்ற இறக்கம் நான்கு பிஸ்டனில் 33 சதவீதம் அளவுக்கு இருக்க, மூன்றில் 14 சதவீதம்தான். குறைவான பாகங்களில் கூடுதல் ஒழுங்கு! பொறியியலில் இப்படிப்பட்ட இடங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் இதைவிடவும் அழகானது. நகரும் உலோகத்துக்கும் நிற்கும் சுவருக்கும் நடுவே 100 பார் தண்ணீர் கசியாமல் காக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் உரசித் தேய்ந்துவிடும், தளர்த்தினால் ஒழுகும். சீலுக்கு உதடு மாதிரி மெல்லிய விளிம்பு ஒன்றை வைத்து, அதைத் தண்ணீர் இருக்கும் பக்கம் திருப்பிவிட்டார்கள். அழுத்தம் ஏற ஏற அந்தத் தண்ணீரே உதட்டை விரித்துப் பிஸ்டனோடு இறுக்குகிறது. அழுத்தம் இறங்கியதும் பிடியும் தளர்கிறது. உடைத்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும் தண்ணீரையே காவலுக்கு வைத்த ஏற்பாடு. அந்த இடத்துக்கு மசகும் தண்ணீர்தான். அதனால்தான் தண்ணீர் வராமல் இயந்திரத்தை ஓடவிட்டால் சீல் கொஞ்ச நேரத்திலேயே கருகுகிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் தன் சீலுக்குள் 2 கிலோமீட்டர் தூரம் உரசிக் கடக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சைப் போடும் முன் குழாயைத் திறந்து, டிரிகரை அழுத்தி, காற்றுக் குமிழ் நின்று தண்ணீர் சீராக வரும்வரை விட வேண்டும். அரை நிமிட வேலை. சீலின் ஆயுளுக்கு இதைவிட நல்ல காப்பீடு இல்லை.

இந்த வகை இயந்திரம் முதலில் தொழிற்சாலைகளுக்கும் வாகனப் பணிமனைகளுக்குமானது. ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் கெர்ஷர் 1950-இல் சுடுநீரைப் பீச்சும் உயர் அழுத்த இயந்திரத்தை உருவாக்கினார். அவருடைய நிறுவனம் எச்.டி. 555 என்ற மாடலோடு வீட்டுச் சந்தைக்கு வந்தது 1984-இல். நம் ஊரில் ‘வாட்டர் சர்வீஸ்’ கடைகளில் மட்டும் பார்த்த அந்தப் பீச்சு இப்போது கார் நிறுத்தும் இடங்களிலும் மாடிகளிலும் கேட்கிறது. கூடவே ஒரு குறையும் கேட்கிறது: ‘வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, ரிப்பேர்.’

நீடித்து உழைக்குமா என்பதை முதலில் தீர்மானிப்பது மோட்டார். வீட்டு வாஷர்களில் இரண்டு இன மோட்டார்கள் வருகின்றன. இரண்டும் உங்கள் சமையலறையிலேயே இருக்கின்றன. மிக்சியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். சுழலும் பகுதிக்குக் கார்பன் பிரஷ்கள் உரசி மின்சாரம் கொடுக்கும். சிறியது, எடை குறைவு, நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று, காதைக் கிழிக்கும் சத்தம். வெட் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். சுழலும் பகுதியை எந்தக் கம்பியும் பிரஷும் தொடுவதில்லை. சுற்றியிருக்கும் காந்தப்புலம் சுழல, அதன் பின்னாலேயே அதுவும் சுழல்கிறது. தேய்வதற்கு பேரிங்கைத் தவிர அதிகம் எதுவும் இல்லை. மிக்சியை ஐந்து நிமிடம் ஓட்டினால் ஓய்வு கொடுக்கிறோம். கிரைண்டரை மாவு அரையும்வரை அரை மணி நேரம் ஓடவிடுகிறோம். பிரஷர் வாஷரிலும் நிலைமை அதுவே.

மாதம் ஒருமுறை பைக்கும் காரும் கழுவ மட்டும் என்றால் பிரஷ் மோட்டார் போதும். தேய்ந்த கார்பனை மாற்றிக்கொள்ளலாம். மாடி, முற்றம், மதில் சுவர் என்று ஒரே மூச்சில் மணிக்கணக்கில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இண்டக்‌ஷன்தான் வேண்டும். கடையில் விளம்பர அட்டையைப் படிக்கவே தேவையில்லை. தூக்கிப் பாருங்கள். ஒரு கையில் லேசாக வந்துவிட்டால் மிக்சி இனம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டியிருந்தால் கிரைண்டர் இனம். ஓடவிட்டுக் கேட்டால் சந்தேகமே இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் எடை நல்ல குணம்.

அடுத்தது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் பார் எண். பலரும் இதை வைத்தே வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், ஆயுளைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் எண் இதுதான். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்காவதில்லை, 1.4 மடங்குதான் ஆகிறது. பிஸ்டன் மேல் ஏறும் பாரமோ முழுசாக இரண்டு மடங்கு. பாசிக்கும் சேற்றுக்கும் 100 முதல் 130 பார் தாராளம். அந்த எண் உண்மையா என்று கடையிலேயே நின்று சோதிக்கவும் முடியும். பாரை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற எண்ணால் பெருக்கி 600-ஆல் வகுங்கள். தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். 100 பார், 6 லிட்டர் என்றால் 1 கிலோவாட். மோட்டார் 1,500 வாட் என்று போட்டிருந்தால் நியாயம். மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகவும் உராய்வாகவும் போகும். ஆனால் 150 பார், 8 லிட்டர், மோட்டார் 1,800 வாட் என்று ஒரு பெட்டி சொன்னால்? தண்ணீருக்கே 2 கிலோவாட் வேண்டும். உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம்! ஆற்றல் அழிவின்மை விதியை எந்தக் கம்பெனியும் மீற முடியாது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு கணம் தொடும் உச்ச அழுத்தத்தையும், அழுத்தமே இல்லாதபோது ஓடும் உச்ச அளவு நீரையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுவிடுவார்கள். இயந்திரத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் ‘ரேட்டட்’ என்று தனியாக ஒரு அழுத்தம் இருக்கும். கணக்கை அதில் போடுங்கள்.

டிரிகரை விட்டதும் என்ன நடக்கிறது என்பது அடுத்த வியப்பு. தண்ணீர் சுருங்காத பொருள். 100 பாரில் அழுத்தினாலும் ஒரு லிட்டர் 5 மில்லிலிட்டர்கூடக் குறைவதில்லை. வெளிவாய் மூடியிருக்க, பிஸ்டன்கள் நொடிக்கு 100 மில்லிலிட்டர் தள்ளிக்கொண்டே இருந்தால் ஹோஸ் கிழிய வேண்டும், அல்லது மோட்டார் திணறி நிற்க வேண்டும். இரண்டும் நடப்பதில்லை. காரணம், பம்பின் தலையில் இருக்கும் ஒரு திருப்பு வால்வு. அழுத்தம் எல்லை தாண்டியதும் தண்ணீரை வந்த வழிக்கே திருப்பிவிடுகிறது. நல்ல மாடல்களில் அதே அசைவு ஒரு சிறு ஸ்விட்சைத் தட்டி மோட்டாரையும் நிறுத்திவிடும்; டிரிகரைத் தொட்டதும் தானே கிளம்பும். இந்த வசதி இல்லாதவற்றில் அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடேறும், சீல் அந்தச் சூட்டில் வேகும். ஆகவே ‘ஆட்டோ ஸ்டாப்’ இருப்பதையே வாங்குங்கள். யாரும் தொடாமலே இயந்திரம் அவ்வப்போது ‘டுர்’ரென்று கிளம்பி நின்றால் எங்கோ நீர் கசிகிறது என்று பொருள். பழையதை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு இது நல்ல சோதனை.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. பம்ப் சாகத் தொடங்குவது பெரும்பாலும் தண்ணீர் பீறிடும் பக்கத்தில் இல்லை, நாம் எட்டியே பார்க்காத, தண்ணீர் நுழையும் பக்கத்தில்.

பிஸ்டன் பின்வாங்கும்போது கேட்கும் அளவு தண்ணீர் வந்து சேராவிட்டால் அங்கே வெற்றிடம் போல ஒன்று உண்டாகிறது. அழுத்தம் மிகவும் இறங்கினால் தண்ணீர் சூடாக்காமலே கொதிக்கும். 30 டிகிரியில் இருக்கும் நம் ஊர்த் தண்ணீர், அழுத்தம் 0.04 பாருக்கு வந்ததும் கொதித்து ஆவிக் குமிழ்களாகிறது. மறுகணம் பிஸ்டன் முன்னே வந்து அழுத்த, அந்தக் குமிழ்கள் நொறுங்குகின்றன. நொறுங்கும் புள்ளியில் பிறக்கும் அழுத்தம் உலோகத்தையே கொத்தி எடுத்துவிடும். பொறியாளர்கள் கேவிடேஷன் என்று சொல்லும் இதைக் குமிழ்க்கொத்தல் எனலாம். கப்பல்களின் சுழலிகள் கடலுக்குள் அம்மைத் தழும்பு விழுந்தாற்போல் குழி குழியாக அரிக்கப்படுவது ஏன் என்று பிரிட்டிஷ் கடற்படை குழம்பியபோது, நொறுங்கும் குமிழைச் சுற்றிய நீரில் அழுத்தம் எத்தனை கடுமையாக ஏறும் என்பதை 1917-இல் கணக்கிட்டுக் காட்டியவர் ராலே பிரபு. வெண்கலச் சுழலிக்கே அந்த நிலை என்றால் வீட்டு வாஷரின் அலுமினியப் பம்புக்குச் சொல்லவா வேண்டும்?

மெல்லிய ஹோஸ், மடங்கிய ஹோஸ், பாதி திறந்த கேட் வால்வ், அழுத்தமே இல்லாத மாடிக் குழாய் எல்லாம் குமிழ்க்கொத்தலுக்கு அழைப்பு. வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எந்தக் குழாயில் இணைக்கப் போகிறீர்களோ அதன் கீழே 10 லிட்டர் வாளியை வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் 6, 7 லிட்டர் இயந்திரத்துக்குக் கவலை இல்லை. நிரம்பாவிட்டால், வாளியிலிருந்தோ டிரம்மிலிருந்தோ தானே உறிஞ்சும் வசதி உள்ள மாடலைப் பாருங்கள். மாடியில் கழுவும்போது தொட்டியின் தண்ணீருக்கு இறங்க உயரமே கிடைக்காது. அங்கே இந்த வசதி கட்டாயம் வேண்டும்.

போர் தண்ணீர் என்றால் மணலும் உப்பும் சேர்ந்து வரும். தண்ணீர்ப் பீச்சால் எஃகை அறுக்கும் தொழிற்சாலை இயந்திரங்கள் 4,000 பார் அழுத்தத்தில் ஓடுகின்றன. அங்கேயும் எஃகை உண்மையில் அறுப்பது நீரோடு கலந்த கார்னெட் மணல்தான். தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்துக் கடற்கரை மணலில் கிடைக்கும் அதே கார்னெட். மணல் சேர்ந்த தண்ணீர் எஃகையே அறுக்கும் என்றால், ரப்பர் உதடு எம்மாத்திரம்? பம்பின் நுழைவாயிலில் இருக்கும் விரல்நுனி அளவு வலைவடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர்ப் பகுதிகளில் அலுமினியத் தலை அரித்துப்போகும். பித்தளைத் தலை உள்ள பம்புக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம், தவறில்லை. வேலை முடிந்ததும் உள்ளே நிற்கும் தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிட்டு வையுங்கள். அது காய்ந்து விட்டுச்செல்லும் உப்புப் படிவு, அடுத்த முறை வால்வுகளை மூடவிடாது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. 1,800 வாட் இயந்திரம் 8 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் தாங்காது, 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். இண்டக்‌ஷன் மோட்டாரின் திருகுவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப இறங்கும்; 230 வோல்ட் 180 ஆனால் பலம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று நினைப்போம், உண்மையில் பத்தில் நான்கு பங்கு போய்விடும், மோட்டார் உறுமிக்கொண்டு சூடேறும். ஈரத் தரையில் நின்று பிடிக்கும் கருவி இது, ஆகவே கசிவு கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் ஓட்டவே கூடாது.

பீச்சை மனிதர் மேலும் விலங்குகள் மேலும் விளையாட்டுக்குக்கூடக் காட்டாதீர்கள். ஊசிமுனைப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னக் கீறலாகத் தெரியும். உள்ளே திசு கிழிந்து, அழுக்குத் தண்ணீர் ஆழம்வரை பரவியிருக்கும். அப்படி நேர்ந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனை. டயரின் பக்கச்சுவரை முப்பது சென்டிமீட்டருக்குள் நெருங்கிக் கழுவ வேண்டாம். பைக் செயின், பேரிங், ஒயரிங் பக்கம் பீச்சே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சீலும் வால்வும் நாசிலும் கார்பன் பிரஷும் தேய்வதற்கென்றே வைத்த பாகங்கள். என்றைக்காவது ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும். பில் போடும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: ‘இந்த மாடலுக்கு சீல் கிட் தனியாகக் கிடைக்குமா? நம்ம ஊரில் யார் மாற்றித் தருவார்?’ இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் வாங்குங்கள். வராவிட்டால், அதில் எத்தனை பார் போட்டிருந்தாலும் அடுத்த மாடலைப் பாருங்கள்.